தம்பியின் வானில் வந்த துவக்கு

என் மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நடந்தது இது. சில வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில். ஓகஸ்ட் மாத வெயில். வீடு நிறையச் சனம். யார் எந்த அறையில் படுத்தார்கள், யார் சாப்பிட்டார்கள், யார் கோபித்துக்கொண்டு மாடியில் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாத நிலைமை.

எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வந்திறங்குகிறவர்கள் எல்லோரும் வாகனத் திறப்பை, அதாவது சாவியை, வாசலில் ஒரு தட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு வாகனம் இன்னொன்றை மறித்து நின்றால் எடுத்து விடுவதற்காகத்தான் அது தொடங்கியது. ஆனால் அரை நாள் போனதும் அந்தத் தட்டம் பொதுச்சொத்தாகிவிடும். கடைக்குப் போகிறவர் கையில் அகப்பட்ட திறப்பை எடுத்துக்கொண்டு போவார். வாகனம் யாருடையது, இன்ஷூரன்ஸ் யாருடைய பெயரில் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர்தான் அன்றைக்குக் கெட்டவர்.

அன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது என் தம்பியின் வான் வண்டி. தம்பி அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். பெற்றோல் நிலையமும் அதோடு ஒட்டிய ஒரு சின்னக் கடையும் நடத்துகிறான். முதல் நாள்தான் மனைவியோடு எல்லை கடந்து வந்திருந்தான். வான் பெரியது, புதியது, குளிரூட்டி நன்றாக வேலை செய்யும். காலையில் என் மகன் அதில்தான் வாழைமரம் கொண்டுவந்தான். பிறகு யாரோ ஐயரின் சாமான்களை ஏற்றி வந்தார்கள். மத்தியானம் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பீற்சா வாங்கப் போய் வந்தார்கள்.

பின்னேரம் மாலைகள் எடுக்க நான் போனேன். வேறு யாரையும் அனுப்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், வீட்டுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் தப்பி ஓட வேண்டும்போல் இருந்தது. பூக்கடைக்காரர் மாலைகளுக்கு நன்றாகத் தண்ணீர் தெளித்துப் பெட்டியில் வைத்துத் தந்தார். அதைப் பக்கத்துச் சீற்றில் வைத்துக்கொண்டு வந்தேன். மார்க்கம் ரோட்டில் ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்க்கிறேன், பெட்டியின் அடி நனைந்து வானின் தோல் சீற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. துடைக்க ஒரு ரிஷ்யூக் காகிதம் தேடி முன்னால் இருந்த குளோவ் பொக்ஸைத் திறந்தேன்.

ரிஷ்யூ இருந்தது. அதற்குக் கீழே ஒரு பிஸ்டல் இருந்தது.

விளையாட்டுச் சாமானோ என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் நான். எத்தனையோ பேருடைய இடுப்பிலும் கையிலும் பார்த்த சாமான்தான். ஆனால் என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. விளக்குப் பச்சையானதும் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். பொக்ஸை மூடினேன். மெதுவாக ஓட்டி, அடுத்து வந்த பிளாசாக் கடைத்தொகுதியின் ஓரத்தில், வாகனம் குறைவாக நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

எனக்கு முதலில் வந்த நினைவு தம்பி அல்ல. காலையில் இந்த வானை என் மகன் ஓட்டினான் என்பதுதான். எங்கள் ஸ்காபரோப் பக்கத்தில் பொடியன்களைப் பெற்ற தாய்மாருக்கு இந்தப் பயம் புரியும். செய்தியில் துவக்குச் சூட்டுச் சம்பவம் என்றால், இடம் எது என்று கேட்கமுதல் மகன் வீட்டில் நிற்கிறானா என்று பார்க்கிறவர்கள் நாங்கள். வங்கியில் வேலை செய்கிற, சிகரெட்கூடக் குடிக்காத பிள்ளை அவன். ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அவனிலேயே சந்தேகம் வந்தது.

மகனைக் கூப்பிடத் துணிவு வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"உன்ரை வானுக்குள்ளை ஒரு சாமான் கிடக்குது. உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவன் சனத்துக்குள்ளிருந்து விலகிப் போவது கேட்டது. பிறகு மெதுவாக, "ஐயோ அக்கா, அது என்ரை. வெளிக்கிடேக்கை எடுத்து வீட்டை வைக்க மறந்துபோனன்" என்றான்.

என் மகனுடையது இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சில் தம்பியை நினைத்து அழுகை வந்தது.

அவனும் என் கணவரும் எங்கள் காரில் வந்து சேர்ந்தார்கள். தம்பி தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன், விரலில் நூல் சுற்றியபடியே வந்திருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலியாண வீட்டுக்கு வரும்போது துவக்கா கொண்டுவருவது என்று பிளாசா என்றும் பாராமல் பேசினேன். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

"எங்கடை ஸ்டேட்டிலை முந்தி இதுக்குப் பெர்மிட் எடுக்கவேணும், கிளாசுக்குப் போகவேணும்" என்றான். "பிறகு சட்டத்தை மாத்திப்போட்டினம். இப்ப ஒண்டும் தேவையில்லை. வாங்கி வாகனத்துக்குள்ளை வைச்சிருக்கலாம். எல்லையிலை ஆயுதம் இருக்கோ எண்டு கேட்டவன். இல்லை எண்டு சொன்னன். பொய் சொல்லேல்லை அக்கா. எனக்கு நினைப்பே இல்லை."

அவன் சொன்னதை நான் அப்போதே நம்பினேன். ஒரு பொருளை வைத்திருக்க அனுமதிப் பத்திரம் வேண்டுமென்றால், அந்தப் பத்திரமாவது அதை ஞாபகப்படுத்தும். ஒன்றும் தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டால், அதுவும் ரிஷ்யூப் பெட்டியோடு ஒரு சாமானாகக் கிடக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த ரிஷ்யூப் பெட்டிக்குக் கீழே அதை வைத்துக்கொண்டுதான் மத்தியானம் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு பீற்சா வாங்கப் போயிருக்கிறார்கள்.

என் கணவர் சண்டைக்குப் போகாத மனிதர். எந்தப் பிரச்சினையையும் நாளைக்குத் தள்ளிவைக்கத் தெரிந்தவர். "இப்பவே இவன் ஓட்டிக்கொண்டு போகட்டும். நயாகராப் பாலத்தைக் கடந்தால் அங்காலை அமெரிக்காதானே. இல்லாட்டில் கராஜுக்குள்ளை பூட்டி வைப்பம். கலியாணம் முடியட்டும்" என்றார்.

"பாலத்துக்கு அங்காலை நியூயோர்க் ஸ்டேட், அத்தான். அங்கை எங்கடை சட்டம் செல்லாது. அங்கையும் இது பெரிய குற்றம்" என்றான் தம்பி.

அவனுடைய ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத சாமான், கொஞ்ச நேரம் ஓடினால் மறியலுக்குள், சிறைக்குள், தள்ளிவிடும். முன்னுக்குப் போனாலும் பின்னுக்குப் போனாலும் அதே கதை. இது எதையும் வெளிக்கிடும்போது அவன் யோசிக்கவில்லை. பெட்டிக்குள் சீலையும் வேட்டியும் சரியாக வைத்திருக்கிறோமா என்றுதான் புருசனும் பெண்சாதியும் பார்த்திருக்கிறார்கள்.

கராஜில் பூட்டி வைக்கலாம் என்ற யோசனைக்கு நானும் பாதி இணங்கிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. எங்களை வளர்த்த ஊரில், சீருடை போட்டவனிடம் வாயைத் திறந்து எதையும் சொல்லாமல் இருப்பதுதான் புத்தி. சொன்னவன் திரும்பி வரமாட்டான். அந்தப் புத்தி கடல் கடந்தும் எங்களோடு வந்திருந்தது. ஆனால் என் மனம் கேட்கவில்லை. நாங்கள் வீடு வாங்கியபோது எழுத்து வேலை பார்த்த சட்டத்தரணியைக் கூப்பிட்டேன். அவருக்கு வீட்டு உறுதிப் பத்திரங்கள்தான் தெரியும். விசயத்தைக் கேட்டுப் பயந்துபோய், குற்ற வழக்குகள் பார்க்கும் தன் சிநேகிதர் ஒருவரைத் தொலைபேசியில் இணைத்துவிட்டார்.

அந்தச் சிநேகிதர் அவசரப்படாமல் கேட்டார். "அக்கா, வானுக்குள்ளை ஆரும் இருக்கிறீங்களோ? எல்லாரும் வெளியிலை நில்லுங்கோ. அதைத் தொடாதையுங்கோ, வானையும் ஓட்டாதையுங்கோ. இவ்வளவு நேரமும் ஓட்டின ஆக்களுக்கு அது அதுக்குள்ளை கிடந்தது தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும். இனி ஓட்டினால் அது வேறை கதை. நான் வாறன். நாங்களே பொலிசைக் கூப்பிடுவம்."

நான் தம்பியைப் பார்த்தேன். நாளைக்கு அவன் இல்லாமல் கலியாணம் நடக்காது என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துக் கலியாணப் பொம்பிளையைத் தலைக்குத் தோய வார்க்கும்போது தேங்காய் உடைப்பவன் தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரேயொரு தம்பி. அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தான்.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று அவனிடம் கேட்டேன்.

"கூப்பிடச் சொல்லு. அதோடை பிள்ளையின்ரை கலியாணத்துக்குள்ளை நான் நிக்கேலாது" என்றான்.

அந்தக் குற்ற வழக்குச் சட்டத்தரணி வந்தார். பின்னாலேயே பொலிஸும் வந்தது. நான் மாலைப் பெட்டியை முதலே வெளியே எடுத்துவிட்டேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தத் தார்த்தரையில் நின்றேன். வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லமுதலே தம்பி இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திக்கொண்டு நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இராணுவக் காவலரணைத் தாண்டும்போது அப்படித்தான் நிற்பான். நரைத்த தலையோடு அவன் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு உயிர் போய் வந்தது.

அவர்கள் துவக்கை எடுத்தார்கள், குண்டுகளைக் கழற்றினார்கள். வந்தவர்களில் ஒரு பெண் அதிகாரி, வயது என் மகளைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், இதை ஏன் வாங்கினாய் என்று அவனிடம் கேட்டாள். பதில் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தரணி தடுத்தார். தம்பி சொன்னான்.

அதற்கு முந்தின மாரிக் குளிரில் கடைக்குள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவனைப் பால் வைக்கும் குளிர்பெட்டிக்கு முன்னால் முழந்தாளில் இருத்தி, பிடரியில் துவக்கை வைத்திருக்கிறார்கள். இருந்த காசையும் சிகரெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போனது அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே முழந்தாளில் இருந்திருக்கிறான். பிறகு கோப்பி வாங்க வந்த ஒரு கிழவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழும்பியிருக்கிறான். அந்தக் கிழமையே இதை வாங்கினானாம். சாமி படம் மாதிரி அது பக்கத்தில் இருந்தால்தான் கடையைத் திறக்கக் கை வரும் என்று சொன்னான்.

எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னான். தமிழில் எங்கள் ஒருவருக்கும் சொல்லாத கதை. அது நடந்த நாட்களில் எனக்குத் தொலைபேசியில், "கடையிலை ஒரு சின்னக் களவு" என்று மட்டும் சொல்லியிருந்தான். ஆளுக்கு ஒரு சேதமும் இல்லைத்தானே, காசு போனால் போகட்டும் என்றேன் நான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். அதோடு கலியாணச் சீலைக் கதைக்குப் போய்விட்டேன்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்தாள். கைவிலங்கை எங்கள் கண்ணுக்குப் படாமல் காரின் மறுபக்கத்தில் வைத்துப் போட்டாள். ஏறமுதல் தம்பி திரும்பி, "தேங்காய்க்கு ஆரையும் பார் அக்கா" என்றான்.

அடுத்த நாள் காலையில் தேங்காயை என் மகன் உடைத்தான். சரிபாதியாகத்தான் உடைந்தது. ஆனாலும் மகள் அழுத அழுகையில் முகத்துக்குப் போட்ட பூச்சு எல்லாம் போய்விட்டது. தாலி கட்டி முடிந்த கையோடு மகன் பட்டு வேட்டியோடு, சட்டத்தரணியுடன் பிணை நிற்க ஓடினான். இரவு விருந்துக்குச் சனம் வரத் தொடங்கியபோது தம்பி மண்டப வாசலில் வந்து நின்றான். முதல் நாள் போட்டிருந்த அதே சேட். உள்ளே வரக் கூச்சப்பட்டான். மகள் மேடையிலிருந்து இறங்கி, அந்தப் பெரிய சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

சும்மா விடுவார்களா எங்கள் சனம். சொந்தத் தம்பியைப் பிடித்துக் கொடுத்த அக்கா என்று ஒரு பட்டம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, கனநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "உங்களிலை கோவம் இல்லை மச்சாள். எனக்குச் சொல்லாததைப் பொலிசுக்குச் சொன்னவர், அதுதான்" என்று சொல்லி அழுதாள். வழக்கு சில மாதங்கள் இழுபட்டது. கடைசியில் அவன் மறந்துதான் போனான் என்பதை நம்பி விட்டுவிட்டார்கள். துவக்கு திரும்பி வரவில்லை. அவன் வேறு ஒன்று வாங்கினானா என்று நான் கேட்கவில்லை. அவனுடைய மாநிலத்தில் அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. வாங்கியிருந்தால் அவனைத் திட்ட எனக்கு இப்போது வாய் வராது. பயப்படுகிற மனிதனிடம் பத்திரத்தைக் கேட்காவிட்டாலும், ஏன் பயப்படுகிறாய் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஒவ்வொரு ஞாயிறும் அவனோடு கதைக்கிறேன். சாப்பிட்டாயா என்று இப்போதும் கேட்பேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் அவன் ஓம் என்ற பிறகு தொலைபேசியை வைக்காமல், கடையிலை பயமில்லாமல் நிக்கிறியோ என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை பேசாமல் இருக்கிறேன்.