உள்பக்கத் தாழ்ப்பாள்

பிரதேச சபைக்கு வரும் வீட்டு வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. யன்னலின் அளவு, கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் உள்ள இடைவெளி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கையெழுத்துக்கு அனுப்புவேன். ஆனால் வட்டக்கச்சியில் அம்மா, தங்கச்சி, நான் என்று மூன்று பேர் இருக்கும் வீட்டின் உள்ளறைகளுக்குக் கதவே இருக்கவில்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்கதவும் பின்கதவும் போட்டதோடு கையிலிருந்த காசு முடிந்துவிட, அறை வாசல்களில் அம்மா சீலை தொங்கவிட்டார். அது ஒரு குறையாக எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கச்சிக்குப் பதினைந்து வயதானபோதுதான் தெரிந்தது. சீலையின் இரண்டு பாதிகளையும் அவள் ஊசியால் சேர்த்துக் குத்தத் தொடங்கினாள். ஒருநாள் அம்மா வழக்கம்போல வந்த வேகத்தில் இழுக்க, சீலை கிழிந்தது.

“எனக்குக் கதவு வேணும்.”

“இந்தச் சின்ன வீட்டுக்குள்ள என்னத்துக்குக் கதவு? ஆரை உள்ளுக்கு வச்சிருக்கப் போறாய்?”

“என்னைத்தான்.”

தங்கச்சி விடவில்லை. “சோதினை முடியட்டும். யாழ்ப்பாணத்தில விடுதியில நிண்டு படிக்கப் போறன். இஞ்ச இருக்கேலாது.”

கோபத்தில் வந்த பேச்சு மட்டுமல்ல அது. விடுதி உள்ள பள்ளிக்கூடங்களை அவள் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காகப் போனால் நானே பெட்டி அடுக்கிக் கொடுப்பேன். எங்களிடமிருந்து தப்புவதற்காகப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படிப் போனால், விடுமுறைக்கு வந்தாலும் விருந்தாளி போலத்தான் வருவாள்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். அம்மா ஏன் மறுக்கிறார்? போன். பையன்கள். அயலவர்களின் வாய். படிக்காமல் நித்திரை. நான்குக்கும் பதில் தயார் செய்துகொண்டு, குசினியில் பயித்தங்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

“போனை உங்களிட்டத் தந்திட்டுப் படுக்கிறாளாம் அம்மா.”

“போனை ஆர் கேட்டது? கதவைப் போடுங்கோ. தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்.”

சீலைக்கு அந்தப் பக்கமிருந்து உடனே குரல் வந்தது. அந்த வீட்டில் எதுவும் கேட்காமல் போகாது. “தாழ்ப்பாள் இல்லாட்டி அது கதவோ? மரத்தில செய்த சீலை!”

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “சண்டை நேரம் நீ கைக்குழந்தை, பிள்ளை. தறப்பாள் கூடாரத்துக்குள்ள படுக்கேக்க ஒரு கை அக்காவில, ஒரு கை உன்னில. குண்டுச் சத்தம் கேட்ட உடன தூக்கிக்கொண்டு ஓடோணும். நீ உள்ளுக்குப் பூட்டிப்போட்டுக் கிடந்தா நான் எப்பிடித் தூக்குறது?”

சீலை விலகியது. “அம்மா, நான் இப்ப உங்களை விட உயரம். தூக்குறதெண்டா நான்தான் உங்களைத் தூக்கோணும்.”

“ஓம், தின்னுறது முழுக்கக் காலுக்குத்தானே போகுது” என்றார் அம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்தும் அவரால் முடியவில்லை.

என் வரிசையில் அந்தக் காரணம் இருக்கவில்லை. அதே தறப்பாளுக்குக் கீழ்தான் பன்னிரண்டு வயதில் நானும் படுத்தேன். அம்மாவின் கை என்மேல் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கண்ணை மூடுவேன். பதினைந்து வயதில் நான் கதவு கேட்காததை, நான் சொல்வழி கேட்கும் பிள்ளை என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எனக்கும் கதவு பயமாக இருந்திருக்கிறது. தங்கச்சிக்கு அந்தக் கை நினைவில்லை. அவளுக்கு நினைவே இல்லாத ஓர் ஓட்டத்துக்கு, தினமும் ஆயத்தமாக இருக்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தச்சு வேலை செய்பவர் வந்து கதவைப் போட்டார். தாழ்ப்பாளை நான் பொருத்தினேன். கடையில் இருந்ததிலேயே சிறியது, கட்டையான திருகாணிகள். இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அம்மா, தோளால ஒரு தள்ளுத் தள்ளினாக் கழண்டிடும். ஆனா தள்ளாத வரைக்கும் அது நிக்கும்.”

தங்கச்சிக்குத் தெரியாமல் அதைச் செய்திருந்தால் அவள் பிறகு என்னை நம்பியிருக்க மாட்டாள்.

“ஒருக்காத் தள்ளிப் பாருங்கோவன் அம்மா” என்றாள் அவள்.

“சும்மா இரு. புதுக்கதவு.”

பரீட்சை முடிந்து சில கிழமைகளின் பின், விடுதி என்னவாயிற்று என்று கேட்டேன்.

“விசாரிச்சனான் அக்கா. ஒரு அறைக்கு எட்டுப் பேராம். அதுக்கு அம்மா ஒரு ஆள் பரவாயில்லை. கிளிநொச்சியிலயே படிக்கிறன்.”

அம்மாவுக்குக் கதவைத் தட்டிப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் வேலிப் படலையடியில் நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். ஆகவே பின்னேரத் தேத்தண்ணியோடு போய், அயல்வீட்டுக்கு வந்தவர் போல அறைக்கதவின் முன் நின்று கூப்பிடுவார்.

“வீட்டுக்காரர்! ஆக்கள் நிக்கிறியளோ?”

“ஓம் ஓம், பொறுங்கோ, வாறன்” என்று உள்ளேயிருந்து பெரிய மனுசிக் குரலில் பதில் வரும்.

தாழ்ப்பாள் விலகும் வரை அம்மா கோப்பையைப் பிடித்தபடி பொறுத்து நிற்பார்.