பென்சில் அக்காவின் அட்டைகள்

இடது கையில் ரிமோட், வலது காதில் செருகிய பென்சில். திரையில் விண்கலம் வெடிக்கப் போகிறது. பார்ப்பவர்கள் பதறுகிற அந்த நொடியில் அக்கா படத்தை நிறுத்திவிட்டு, கேப்டனின் சட்டைப் பொத்தான்களை எண்ணுவார். "அஞ்சு. முன்னாடி ஆறு இருந்துச்சே, ஒண்ணு எங்க போச்சு?" கலம் வெடித்தால் வெடிக்கட்டும், அவருக்குப் பொத்தான் கிடைத்தாக வேண்டும்.

நான்கே வருடம் ஓடி நின்றுபோன அந்த விண்வெளித் தொடருக்காக நாங்கள் இருபத்தாறு வருடமாக மாத இதழ் நடத்துகிறோம். வண்டி போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம் என்பாள் என் மனைவி. நான் ஆசிரியர். அக்கா சரிபார்ப்பவர். என் தலையங்கத்தை உலகத்தில் அவர் ஒருவர்தான் முழுதாகப் படிக்கிறார், அதுவும் பிழை பிடிக்க.

அவர் மேசையின் நான்கு இழுப்பறைகளிலும் அட்டைகள். தொடரில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும், கதவுக்கும், கோளுக்கும் ஓர் அட்டை. திரையில் தம் கண்ணால் கண்டதை மையால் எழுதுவார். பிறர் சொன்னதைப் பென்சிலால். "பார்த்தா மை, கேட்டா பென்சில். இதுல தாட்சண்யமே கிடையாது." மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும்கூடப் பென்சிலில்தான் குறித்துக்கொண்டார். "ஆளை நேர்ல பார்க்கிறேன், அப்புறம் மை."

என் குட்டும் அந்த இழுப்பறையில்தான் கிடந்தது. மூன்றாவது இதழில் அரைப் பக்கம் காலி. கேப்டனுக்கு ஒரு தம்பி உண்டு, எங்கோ ஒரு கோளில் அண்ணனுக்காகக் காத்திருக்கிறான் என்று அள்ளிவிட்டேன். தயாரிப்பாளரே ஃபோனில் சொன்னதாக அக்காவிடம் வாய் கூசாமல் சொன்னேன். அவர் பென்சிலால் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வாசகர்கள் அந்தத் தம்பியை நலம் விசாரித்துக் கடிதம் போடுகிறார்கள். என்னை இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

போன மாதம், தொடரைப் புதிதாக எடுக்கப் போகிறவர்கள் அட்டைகளைக் கேட்டார்கள். அக்காவின் முறையைத் தெரிந்துகொண்டு, மையில் இருப்பவை மட்டும் போதும் என்றுவிட்டார்கள். அக்கா பென்சில் அட்டைகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு பொய்தான். அதுவும் போய்விட்டால் என் பங்குக்கு மிஞ்சுவது தலையங்கங்கள்!

தம்பியின் அட்டை அவர் கைக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அது... நான் விட்ட கதை."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னைக்கே. அப்போ மழையில நம்ம ஆபீஸ் ஃபோன் செத்து மூணு நாளாகியிருந்துச்சு. நீ மட்டும் எதுல பேசுனியாம்?"

இருபத்தாறு வருடம்! நான் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டே இவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

கூடைப் பக்கம் போன அவர் கை பாதியில் நின்றது. "அண்ணன் வந்து சேர்ந்துட்டாரான்னு எத்தனை பேர் கேட்டு எழுதிட்டாங்க, பாவம்."

ஆசிரியர் என்ற முறையில் நான் செய்தது ஒன்றுதான்: கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அக்கா அட்டையை மேசைமேல் வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு பேனாவைத் திறந்து, மங்கிப்போயிருந்த பென்சில் எழுத்துகளின் மேலேயே, ஒவ்வோர் எழுத்தாக மையை ஓட்டினார்.