கண்ணாடிக் குப்பி மச்சான்

என் மனைவியின் அண்ணன் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எலிக் குடலை வெட்டித் தொங்கவிடுவதுதான் வேலை. அதைச் சரியாக நான் தட்டில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் விளக்குவார்.

வெதுவெதுப்பான உப்புநீரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. எலி செத்தும் துண்டு சுருங்கி விரியுமாம். குடலுக்குள்ளேயே அதற்கென்று சொந்த நரம்புகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அந்த நரம்புகளுக்குச் சேதி சொல்ல உடம்பே செய்துகொள்ளும் குட்டிப் புரதத் துணுக்குகள் உண்டு. பெப்டைடு என்பார். சில சுருங்கச் சொல்லும், சில தளரச் சொல்லும். மச்சான் விடும் மருந்து சுருங்கச் சொல்லும் வகை. ஒரு சொட்டு விட்டால் திரையில் கோடு எகிற வேண்டும்.

மூன்று வாரமாக எகிறவில்லை.

பதினோரு வருடத் தற்காலிக வேலை அந்த மாதம்தான் நிரந்தரமாவதாக இருந்தது. பேராசிரியை அம்மா கையெழுத்துப் போடவேண்டும். அவரோ, வெட்டும்போது நரம்பை நசுக்குகிறீர்கள் போலிருக்கிறது, இன்னொரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டார். வீட்டில் என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நான் பம்ப் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். எட்டாவதைத் தாண்டவில்லை. புலம்பல் தாங்காமல்தான் விசாரித்தேன். தசையை நேராகச் சுருக்கும் மருந்தை விட்டுப் பார்த்தாராம், சுருங்கியதாம். நரம்புக்கு லேசாகக் கரண்ட் கொடுத்தாராம், அதற்கும் சுருங்கியதாம்.

"அப்புறம் என்ன மச்சான்? மோட்டாரும் சரி, வயரும் சரி. உங்க மருந்துதான் போய்ச் சேரல."

"அதெப்படி மாப்ளே? நானே பளபளன்னு கழுவின கண்ணாடிக் குப்பில..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

மனிதர் சுத்தப் பைத்தியம். மூன்று தடவை கழுவாத தம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டார். ஆய்வுக்கூடத்தில் இந்த மருந்தைப் பிளாஸ்டிக் குப்பியில் கலப்பதுதான் வழக்கம். பார்க்க மங்கலாக இருக்கிறதென்று மூன்று வாரம் முன்பு இவராகவே கண்ணாடிக்கு மாற்றியிருக்கிறார். அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. துளியூண்டு கலப்பதால் முக்கால்வாசியும் குப்பியின் சுவரிலேயே தங்கிவிட்டது. குடலுக்குக் கிடைத்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

மறுநாள் பிளாஸ்டிக்கில் கலந்து விட்டார். கோடு எகிறியது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாமா இல்லையா? மருந்து கெட்டுப்போயிருந்தது என்றால் யார் தோண்டித் துருவப்போகிறார்கள்? நேராக அந்தம்மாவிடம் போய், தப்பு என்னுடையது, மூன்று வாரக் கணக்கையும் தூக்கிப் போடுங்கள் என்றிருக்கிறார்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "கையெழுத்த வாங்கிட்டுச் சொன்னா என்ன மச்சான், குடியா முழுகிடும்?"

"இந்த மருந்து நரம்ப ஒண்ணும் பண்ணாதுன்னு அந்தம்மா ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப இருந்தாங்க மாப்ளே. அனுப்பிட்டா அப்புறம் யாரு திருத்துவா?"



அந்தம்மா ஆளை மாற்றவில்லை. கண்ணாடி அலமாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கையெழுத்து அடுத்த வருடம் பார்க்கலாமாம். நீங்கள் ஏன் வாயைக் கொடுத்தீர்கள் என்று என் மனைவி என்னைத்தான் முறைக்கிறாள்.

நேற்று மச்சான் வீட்டுக்கு வந்தார். வேண்டுமென்றே பிளாஸ்டிக் தம்ளரை நீட்டினேன்.

அதையும் மூன்று தடவை கழுவினார்.