அகில உலக ஆரணி

பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் வருடாவருடம் அகில உலகப் பூப்பந்துப் போட்டி நடந்தது என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த 'உலகம்' வேறு யாருமில்லை, நாங்கள்தான். பர்மாவிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் அகதி முகாமில் கிடந்த ஐந்து பேர். எங்களை வைத்துத்தான் அவர்கள் போஸ்டரில் 'அகில உலக' என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்போது பேட்மிண்டன் என்றால் இறகுப்பந்து கிடையாது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, மர மட்டை, திறந்த மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர். அதுதான் பேட்மிண்டன், அதுதான் பூப்பந்து. இறகை வைத்துக் கூரைக்குக் கீழே ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், ரங்கூனில் தமிழர் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் கப்பலேறினோம். எங்களிடம் எடுத்துக்கொள்ளக் கடை எதுவுமில்லை. எங்கள் நைனா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். ஆனாலும் போ என்றார்கள், வந்தோம். நைனா பிறந்ததே ஆரணியில்தான். சிறுவயதில் அவருடைய பெற்றோர் அவரை ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்த புதிதில் எங்களை அழைத்துக்கொண்டு ஆசை ஆசையாக ஆரணிக்குப் போனார். பங்காளி வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிப்பதற்குள், "எப்ப கெளம்பறே?" என்று கேட்டார்கள். நைனா மறுபடி அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

ரங்கூனில் நானும் அண்ணனும் ஆடியதெல்லாம் காலால் தட்டுகிற பிரம்புப் பந்து. பூப்பந்தைக் கண்ணால் பார்த்ததே கும்மிடிப்பூண்டிக்கு வந்துதான். முகாமுக்குப் பின்னால் ரயில்வே ஆட்கள் சாயங்காலத்தில் ஆடுவார்கள். அவர்கள் தூக்கிப் போட்ட மட்டைகளுக்கு நரம்பு கட்டி நாங்கள் பழகினோம். அண்ணனுக்கு அது பிறவியிலேயே வந்ததுபோல் வந்தது. அவன் பந்தை அடிக்கமாட்டான், சீவுவான். வலையைத் தாண்டியதும் பந்து ஒரு பக்கமாகத் திரும்பி மண்ணில் விழும். எதிரில் நிற்பவன் காற்றில் மட்டையை வீசிவிட்டு அசடு வழிவான்.

ஆரணிப் பூப்பந்துச் சங்கத்தின் தலைவர் ஒரு நெல் வியாபாரி. பொன்னேரியில் ஒரு பந்தயத்தில் எங்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருப்பா நீங்க?" என்று கேட்டார்.

"முகாமுங்க. பர்மாலேந்து வந்தவங்க" என்றான் அண்ணன்.

அந்த மனிதருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வருடமே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இந்தியா, பர்மா, ஆந்திரா. இந்தியா என்றது ஆரணிக்காரர்களை. ஆந்திரா என்றது எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவிலிருந்து சைக்கிளில் வருகிற ஆட்களை.

முதல் வருடம் எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். முகாமில் எங்களை யாரும் மாலை போட்டு வரவேற்றதில்லை. ஆரணியில் போட்டார்கள். காலையில் இட்லியும் வடகறியும் நாஷ்டா. மேளம் கொட்டி ஊர்வலம் வேறு. அதற்குப் பர்மா உடை வேண்டுமென்று தலைவர் எங்கள் ஐந்து பேருக்கும் லுங்கி கொடுத்தார். திருத்தணிப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வாங்கி வந்த லுங்கி. ஆரணியில் லுங்கி கட்டாத ஆண்பிள்ளை யார் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நாங்கள் கட்டியபோது அது பர்மா ஆகிவிட்டது.

போட்டிக்கு முன்னால் தலைவர் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். "மேடையில பெரிய மனுசங்க எந்த ஊருன்னு கேட்டா, பர்மான்னு மட்டும் சொல்லுங்க. வாய் தவறிக்கூட கும்மிடிப்பூண்டின்னு சொல்லிப்புடாதீங்க. பஸ்சு புடிச்சி வர்ற ஊரு எப்பிடிப்பா அகில உலகம் ஆவும்?" களத்திலும் தமிழ் பேசக் கூடாது என்றார். எங்களுக்குத் தெரிந்த பர்மியச் சொற்கள் சந்தைக்குப் போகிற அளவுக்குத்தான். அதனால் பந்து மேலே வந்தால் கத்திரிக்காய், வலையோரம் விழுந்தால் வெங்காயம் என்று பர்மிய மொழியில் கத்தினோம். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கூட்டத்தில் நைனாவும் இருப்பார். அந்த மைதானத்தில்தான் சின்ன வயதில் அவர் எருமை மேய்த்தாராம். தன் பிள்ளைகள் தன் சொந்த ஊரில் அந்நிய தேசத்துக்காரர்களாக வெங்காயம் வெங்காயம் என்று கத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி வருடங்கள் ஓடின. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. அண்ணன் அவற்றுக்கு அஸ்திவாரம் தோண்டப் போனான். தோண்டி முடித்ததும் மேஸ்திரி அடுத்த பள்ளத்துக்கு அனுப்புவான். கட்டடம் எழும்பி உள்ளே இயந்திரம் ஓடும்போது அண்ணன் வெளியே நிற்பான். அதற்குள் அவனுக்குக் கல்யாணமும் ஆகி, அண்ணி மாசமாக இருந்தாள். முகாம் குடிசையில் மழை பெய்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே பிள்ளை பெறமாட்டேன் என்று அவள் தினமும் அழுதாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அண்ணன் பள்ளம் தோண்டிய தொழிற்சாலைகளில் ஒன்றின் மேனேஜர் பூப்பந்துப் பைத்தியமாம். கம்பெனிக்கு ஒரு டீம் வேண்டுமாம். ஆரணி இறுதி ஆட்டத்துக்கு அவரே வருகிறார், நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்குப் பர்மனென்ட் வேலை. அண்ணன் அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து இருட்டும்வரை சுவரில் பந்தைச் சீவிக்கொண்டிருந்தான். "இந்த வாட்டி வேல நம்ப கையிலதாண்டா" என்றான். அண்ணியும் அழுவதை நிறுத்தினாள்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் ஆரணிக்கும். அண்ணன் அன்றைக்கு ஆடியதுபோல் நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. மேனேஜர் நாற்காலியில் உட்காராமல் எழுந்து நின்றே பார்த்தார். ஜெயித்ததும் எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் இரண்டு கையாலும் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்! நீங்க எந்த ஊர்?"

"பர்மா, சார்."

வருடக்கணக்காக அந்த மேடையில் அந்தக் கேள்விக்கு அவன் சொல்லிப் பழகிய பதில் அது. மூளை யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. அவனுக்கும் உடனே புரிந்தது. "இல்ல சார், இப்ப கும்மிடிப்பூண்டி சார். முகாமுல..." என்று ஆரம்பித்தான். அதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்து, கடல் கடந்து வந்த பர்மா வீரர்கள் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "அடடா. லோக்கல் ஆட்களுக்குத்தான் வேலை கொடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்களே."

"நாங்க லோக்கல்தான் சார்" என்றான் அண்ணன்.

மேனேஜர் தலைவரைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால்கூடப் போதும். தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, சிரித்தபடி, "ஃபாரின் டீமு சார். வருசா வருசம் வர்றாங்க" என்றார்.

கூட்டத்திலிருந்து நைனா எழுந்தார். "சாமி, நான் இந்த ஊர்ல பொறந்தவன் சாமி" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். "ஒக்காரு பெருசு, மறைக்குது" என்று யாரோ அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். நைனாவின் பங்காளி வீட்டுப் பையன்கள் அங்கேதான் இருந்தார்கள். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

எங்களிடம் தோற்ற ஆரணி அணியில் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. எங்களுக்குக் கோப்பை கிடைத்தது. அண்ணன் வெட்டிய பள்ளத்தின் மேல் நிற்கிற தொழிற்சாலையில் அவர்கள் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று பெரிய மனது பண்ணிச் சொல்லலாம். ஆனால் கோபம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அண்ணிக்கு மழைநாளில், அந்தக் குடிசையில்தான் பிள்ளை பிறந்தது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

மறு வருடம் தலைவர் எங்களைத் தேடி முகாமுக்கே வந்தார். புது லுங்கிகள் கொண்டுவந்திருந்தார்.

"பேரைக் கும்மிடிப்பூண்டின்னு போடுங்க. ஆடறோம்" என்றான் அண்ணன்.

"இன்னாப்பா பேஜாரு பண்றே? அப்பறம் அகில உலகம் இன்னா ஆவறது?"

"எனுக்கு இன்னா தெரியும்? உங்க உலகம், நீங்களே பாத்துக்கோங்க."

போட்டி நின்றுவிடும் என்று நான் நம்பினேன். நின்றால்தானே எங்கள் அருமை தெரியும் என்று வன்மமாகக் காத்திருந்தேன். ஆனால் ஆரணிக்குப் பிரிகிற புதுவாயல் முனையில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். இந்தியா, பர்மா, ஆந்திரா. எங்களை விட்டால் இவர்களுக்குப் பர்மா எங்கேயிருந்து கிடைத்தது என்று பார்ப்பதற்காகவே நானும் அண்ணனும் பஸ் மாறி ஆரணிக்குப் போனோம். கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம்.

மேளத்தோடு பர்மா அணி உள்ளே வந்தது. எங்களுக்கென்று கொண்டுவந்த அதே லுங்கிகள். முன்னால் வந்த இருவரும் தொழிற்சாலையில் வேலை கிடைத்த அதே இருவர். லோக்கல் என்பதால் வேலை வாங்கியவர்கள் இப்போது பர்மாவாகிக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மாலை போட்ட அதே கைகள் அவர்களுக்கும் போட்டன. களத்தில் அவர்கள் என்னவோ வாய்க்கு வந்ததைக் கத்தினார்கள். அது வெங்காயம்கூட இல்லை.

ஆட்டத்தின் நடுவில் அந்த இருவரில் ஒருவன் ஒரு பந்தைச் சீவினான். பந்து வலையைத் தாண்டியதும் ஒரு பக்கமாகத் திரும்பி விழுந்தது. அண்ணனிடம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட அடி. அண்ணன் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டான்.

முன்னால் நின்ற ஆள் திரும்பி முறைத்தான். "நீ எந்த ஊரு?"

அண்ணன் கொஞ்சம் தயங்கினான். "கும்மிடிப்பூண்டி" என்றான்.

"அட, நம்ப லோக்கலு ஆளா? அப்பறம் இன்னாத்துக்குயா வெளிநாட்டுக்காரனுக்குக் கை தட்டிக்கினு நிக்கறே?"

அண்ணன் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.