முதலில் ஒரு ஆமாங்க

பதுளையில் சட்டம் படிக்கப் போனபோது எங்கள் வகுப்பில் தமிழ் பேச நான் ஒருத்திதான். யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் சிங்களத்தில் ஒரு பகிடி சொல்லிச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு அது விளங்கும். தனியாகச் சிரிக்கக் கூச்சப்பட்டே குற்றவியல் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டேன். ஊருக்குப் போனால் மட்டும் பெரிய வக்கீல் மாதிரி அளப்பேன்.

சித்தப்பாவிடமும் அப்படித்தான் அளந்தேன். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் காவல் வேலை. காற்றில் முறிந்து விழுந்த கிளையை விறகுக்கு இழுத்து வந்தவர்மேல் மரம் வெட்டித் திருடியதாக வழக்குப் போட்டிருந்தார்கள். குற்றவாளி என்றானால் வேலை போய்விடும்.

"கோர்ட்ல என்னா பேசணும் பாப்பா?"

"பயப்படாதீங்க சித்தப்பா. கேட்டதுக்கு மரியாதையா பதில் சொல்லுங்க, போதும்."

வக்கீல் வைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய வழக்குத் தவணையன்றே எங்கள் வகுப்பையும் நீதிமன்றம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிப் பின்வரிசை வாங்கில் உட்கார வைத்தார்கள். கூண்டில் சித்தப்பா கைகட்டி நின்றார். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லி, ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

தோட்டத்தில் அதுதான் பழக்கம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, தோட்டத்தை நடத்தும் துரை எதைக் கேட்டாலும் முதலில் மரியாதைக்கு ஒரு 'ஆமாங்க'. பிறகு 'ஆனா' என்று தொடங்கி நடந்ததைச் சொல்வார்கள். துரைக்கும் அது தெரியும். சித்தப்பாவும் 'ஆனா' என்று வாயெடுத்தார். நீதவான் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சி தேவையில்லை. அந்த வாரம்தான் அதைப் படித்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வகுப்பே திரும்பிப் பார்க்குமே என்று வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குற்றவாளி என்று பதிந்து, ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்து அவரை வெளியே விட்டார்கள். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"நீ சொன்ன மாதிரி மரியாதையாத்தான் பேசினேன் பாப்பா. விட்டுட்டாங்க பாத்தியா! நாளைக்கு வேலைக்குப் போகலாம்தானே?"

"ஆமாங்க சித்தப்பா" என்றேன்.

'ஆனா' என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் புறப்பட்டது.