மத்தியானத்துக்குப் பிறகு குடிக்காதவள்

ஜீவராணி காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிப்பாள். அதோடு சரி. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய் உள்ளே போனாலும் அன்று இரவு கண் மூடாது. ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமான நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறவளுக்கு இப்படி ஓர் உடம்பு என்றால் யார் நம்புவார்கள்? புருஷன் அழகுமுத்துவே நம்பவில்லை. படுக்கிற நேரத்தில் ஒரு ஜொக்கு நிறையப் பால் விடாமல் கறுப்பாகக் குடித்துவிட்டு, தலை சாய்த்ததும் குறட்டை விடுகிற ஆள் அவர்.

"நானுந்தான் குடிக்கிறேன். எனக்கு வராத வியாதி ஒனக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்பார்.

"ஒங்களுக்கு இடி விழுந்தாலும் தூக்கம் வரும். ஒங்கள வச்சு என்னைய அளக்காதீங்க."

போன வருஷம் ஒரு வளைகாப்பு வீட்டில் மறுக்க முடியாமல் சாயங்காலம் குடித்துவிட்டாள். விடியும்வரை விழித்துக் கிடந்து, மறுநாள் மலையில் தலை சுற்றி, கூடையோடு சரிந்து, தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்தாள். இடுப்பு இன்னும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தேயிலையில் இருக்கும் சரக்கு சிலர் உடம்பை விட்டு வேகமாகப் போய்விடும், சிலர் உடம்பில் ராத்திரிவரை தங்கும், ஆளுக்கு ஆள் வேறு என்றார். இத்தனை வருஷத்தில் அவளை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

மகன் தனுஷன் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனவன். கூட வேலை செய்த பொகவந்தலாவை ஊர்ப் பிள்ளை சுதர்ஷினியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். சாதியில் அவர்கள் வேறு ஆட்கள், ஊர்க் கணக்கில் ஒரு படி கீழே. இரண்டு வீட்டுக்கும் அது தெரியும். இரண்டு வீட்டிலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "புள்ள நல்ல புள்ளையா இருந்தாப் போதும்" என்று முதலில் சம்மதித்தவள் ஜீவராணிதான்.

பெண் பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பெண்ணின் அம்மா நாகலெட்சுமி புதுக் கோப்பைகளில் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். அழகுமுத்து எடுத்து உறிஞ்சினார். தனுஷன் எடுத்தான். ஜீவராணியின் கை நீளவில்லை. வாங்கிக் குடித்துவிடலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்து வந்தாள். ஆனால் சம்பந்தியாகப் போகிறவர்கள். இன்று குடித்தால் இனி வரும்போதெல்லாம் குடிக்க வேண்டும். முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது என்று அந்த நேரம் தோன்றியது.

"எனக்கு வேணாங்க. கோவிச்சுக்காதீங்க. இந்நேரத்துல குடிச்சாத் தூக்கம் வராது."

நாகலெட்சுமி தட்டைப் பிடித்தபடியே நின்றாள். "தேத்தண்ணி குடிச்சா? தேயிலை மலையில பொறந்தவங்களுக்கா?"

"ஆமாங்க. டொக்டரும் சொன்னாரு."

சுடுதண்ணியாவது கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாம். அது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அங்கே அழகுமுத்து உதவிக்கு வந்தார். "தப்பா நெனக்காதீங்க சம்மந்தி. இவ எங்க லயத்து வரிசை வீடுகள்லயே யாரு வீட்டுலயும் வாயில வைக்க மாட்டா. அப்படியே பழகிட்டா."

பெண்ணின் அப்பா தன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படிங்களா? எங்க வீட்டுலதான் எறங்காதாக்கும்னு பாத்தேன். அங்கயும் ஆளு பாத்துத்தான் குடிப்பாங்களோ?"

அதற்குமேல் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். கிளம்பும்போது கொண்டுபோன பழத்தட்டை நாகலெட்சுமி வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் தனுஷன் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் ஜீவராணி யாருக்கும் சொல்லாமல் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினாள். போய்ச் சேர சாயங்காலமாகிவிட்டது. "தேத்தண்ணி குடுங்கம்மா, குடிக்கிறேன்" என்று அவளே கேட்டாள். நாகலெட்சுமி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

"இப்ப நல்லா எறங்குதே. அன்னைக்கு இருந்த சீக்கு எங்க போச்சு?"

"சீக்கு போகலைங்க. இன்னைக்கு ராத்திரி பூரா முழிச்சுத்தான் கெடப்பேன்."

"அதை யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் நாகலெட்சுமி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "புள்ளைக்கு வேற எடத்துல பேசி முடிச்சாச்சு. இருட்டுறதுக்குள்ள போங்க, கடைசி பஸ் போயிரும்."

விஷயம் கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தது. தனுஷன் அம்மாவுக்குப் போன் எடுத்தான். "நீ அங்க போயி ரெண்டு கோப்பை குடிச்சியாமே?"

"ஆமாப்பா."

"அப்ப அன்னைக்கு ஒண்ணு குடிச்சிருக்கலாம்லம்மா?"

அதோடு போனை வைத்துவிட்டான். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

இப்போது ஜீவராணி யார் வீட்டில் எந்த நேரம் நீட்டினாலும் வாங்கிக் குடிக்கிறாள். "பாத்தியா, எல்லாம் குடிக்கத்தான் செய்றா" என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் அவள் செடியைப் பிடித்துப் பிடித்து மலை ஏறுவதை, பக்கத்து நிரையில் பறிக்கிற வேலாயி மட்டும் பார்க்கிறாள்.

"ஏன்க்கா, வேணாம்னு சொன்னாத்தான் என்னவாம்?"

"ஒருக்கா சொன்னதுக்கே எம் புள்ள வீட்டுக்கு வர்றதில்ல" என்றாள் ஜீவராணி. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு மலை ஏறி வருவது தெரிந்தது. இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள்.