ஆறு மணிக் கடல்

பெயின்ட் பட்டறையில் அவளைக் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் தங்கைக்கு அக்கா, தங்கை மகளுக்குப் பெரியம்மா. வயது ஐம்பத்தேழு. அதில் முப்பத்தொரு வருடம் அந்தப் பட்டறையில் நின்றே போய்விட்டது. யாராவது ஒரு பழைய கதவுத் துண்டையோ திரைச்சீலையின் ஓரத்தையோ கொண்டுவந்து, "அச்சு அசலா இதே கலர் வேணும்" என்பார்கள். அவள் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடிப்பாள். இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு வலக்கண்ணால் ஒரே ஒரு பார்வை. அவ்வளவுதான். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கண்ணுல எடுத்தாச்சு, நீங்க போங்க" என்பாள்.

மற்ற பட்டறைகளில் சாம்பிளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பத்துத் தடவை ஒத்துப் பார்ப்பார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு வரும். "பிட்டு அடிச்சுப் பாஸாகுற பசங்க" என்பாள். திமிர்தான், வேறென்ன! ஆனால் முப்பது வருடமாக அந்தக் கண் ஒருநாளும் பிசகியதில்லையே, யார் வாயைத் திறப்பார்கள்? அவள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து எடைக்காரர் கலர்ப்பொடிகளைத் தராசில் நிறுத்துப் போடுவார். மெஷின் சுற்றி முடிந்ததும் அவள் வந்து, அதே வலக்கண்ணால் பார்த்து, ஒரு கரண்டி நீலமோ அரைக் கரண்டி மஞ்சளோ தன் கையால் சேர்ப்பாள். அந்தக் கடைசிக் கரண்டி எந்தச் சீட்டிலும் ஏறாது. அதைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

போன வருடம் தின்னர் வாடையில் அவளுக்குத் தலைவலி தாங்கமுடியாமல் போயிற்று. டாக்டர், "மருந்து அப்புறம் இருக்கட்டும். காலையில கடற்கரைக்குப் போய் நல்ல காத்து வாங்குங்கம்மா" என்றார். வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பதினொரு நிமிட நடை. இருபது வருடத்தில் அவள் ஒருநாளும் போனதில்லை. பாதி ஊர் அப்படித்தான் என்று வையுங்கள். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று எல்லாரும் விட்டுவிட்டோம்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்றாள். நீலமாக இருக்கும் என்று நினைத்தாள். கடல்நீலம் என்று எத்தனை ஆயிரம் டின்னில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்! அங்கே பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. அதற்குள் லேசாகப் பச்சை, அடியில் எங்கோ ஒரு ஊதா. அலை பின்வாங்கும்போது மணல்மேல் மெல்லிய ஏடாகத் தண்ணீர் நின்றது. வானம் முழுதும் அதில் இறங்கிக் கிடந்தது, அடுத்த நொடி மணல் அதை உறிஞ்சிக்கொண்டது. நண்டுகள் வளையைத் தோண்டிச் சின்னச் சின்ன மணல் உருண்டைகளை வாசலில் பரத்தியிருந்தன. பாதம் கணுக்கால் வரை புதைந்ததுகூடத் தெரியாமல் அவள் நின்றாள். யாரும் ஆர்டர் கொடுக்காத ஒரு கலரைத் தன் ஆயுளில் முதல்முறையாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு இடக்கண்ணை மூடி அதைக் கண்ணில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையல் மேடையில் தட்டு வைத்துக் கலர் குழைத்து, பட்டறையின் சாம்பிள் அட்டை ஒன்றில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே பட்டையாக இழுத்தாள். பின்பக்கம் தேதி போட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, பட்டறையில பூசுறது பத்தாதா? இங்கயும் அதேவா?"

"அது வேற, இது வேறடி."

"கலரையும் பிரஷ்ஷையும் அங்கயே தூக்கிட்டுப் போய் உக்காந்து வரையேன். என் அடுப்பாவது தப்பிக்கும்."

"கண்ணுல எடுத்துட்டு வரத் தெரியாதவங்க தூக்கிட்டு அலையட்டும்" என்றாள் அக்கா.

நான்கைந்து மாதம் அந்தப் பித்து அவளை நன்றாகவே வைத்திருந்தது. தலைவலி போயிற்று. அதற்கப்புறம்தான் பல்பைச் சுற்றி ஒரு வளையம் தெரிய ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். புதுக் கண்ணாடி மாற்றினாள். வளையம் போகவில்லை. தட்டில் குழைக்கும் நீலம் சோகை பிடித்ததுபோல் இருந்தது. "இந்தத் தடவை வந்த ட்யூப்ல சத்தே இல்ல" என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் நீலம் போட்டாள். போட்டதும் சரியாகிவிட்டது. அவளுக்குச் சரியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்தது. நீளமான சுற்றுச்சுவர், வெளிர்நீலம். முதல் தவணை போய்ப் பாதிச் சுவர் அடித்தார்கள். அடுத்த மாதம் மீதிக்கு அனுப்பினார்கள். அடித்துக் காய்ந்த பிறகு பார்த்தால், சுவரின் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு நீலம், அந்தப் பக்கம் வேறு நீலம். தெருவில் போகிறவர் எல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்களாம். முதலாளிக்கு மூக்குநுனியில் கோபம். அவளையும் எடைக்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"எடையில தப்பா, கண்ணுல தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

எடைக்காரர் பதினாறு வருடம் அவளோடு வேலை செய்தவர். கை அவ்வளவு சுத்தம். தராசுத் தட்டை ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பொடியைப் போடுவார். "அக்கா, நான் எப்பவும்போல ரெண்டு தடவை நிறுத்தேன். உங்களுக்கே தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். முதலாளியின் தலைக்குமேல் எரிந்த விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே, "என் கண்ணு தப்பாது முதலாளி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எடைக்காரர்மேல் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை என்று பிறகு தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டாள். இரண்டில் ஒன்று என்று கேட்டால், ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? சின்னக் குழந்தைக்குத் தெரியுமே! அன்று சாயங்காலமே எடைக்காரர் தன் டிபன் டப்பாவையும் தராசு துடைக்கும் துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அவள் கடற்கரையில் கூடுதலாக நின்றாள். ஆறு மணிக்கு வந்தவள் ஏழரை வரைக்கும் நின்றாள். பட்டறைக்குப் போகக் கால் வரவில்லை, அதுதான் உண்மை. கடற்கரையில் எடையா கண்ணா என்று கேட்பார் யாரும் இல்லை. தினமும் ஒரு அட்டை சேர்ந்துகொண்டே போனது.

தங்கை மகள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அட்டைப் பெட்டியை ஒருநாள் திறந்து பார்த்தவள் தலைகால் புரியாமல் குதித்தாள். "பெரியம்மா, இதை எங்க லைப்ரரி வராந்தாவுல மாட்டியே ஆகணும்!" என்று நின்றாள். அக்கா முடியாது என்றாள், வெட்கம் என்றாள், கடைசியில் சரி என்றாள். உள்ளுக்குள் ஆசை இருந்தது, இல்லாமல் என்ன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இருநூற்று மூன்று அட்டைகளையும் தேதி வரிசையில் வெள்ளைச் சுவரில் ஒரே நீளமாக ஒட்டியிருந்தாள் பெண். பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், முதலாளியும் வருவார். ஒன்பதரைக்கு அக்கா புதுப்புடவையில் போய் நின்றாள்.

"நல்லாருக்கா பெரியம்மா?"

"நல்லாத்தான்டி இருக்கு."

"எனக்குப் பிடிச்சதே இந்த ரெண்டாவது பாதிதான். இங்கேருந்து சாயங்காலக் கடலையும் வரைய ஆரம்பிச்சீங்கல்ல? இருட்டிட்டு வர்ற மாதிரி, அப்படியே மனசைப் பிசையுது."

"எங்கேருந்து?" என்றாள் அக்கா.

பெண் விரலை வைத்துக் காட்டினாள். அக்கா கிட்டே போய் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காலைதான் இருந்தது. அந்த அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்துப் பின்பக்கம் திருப்பினாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் தவணை போட்டதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

"எல்லாமே காலை ஆறு மணிடி" என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் செய்யாத ஒன்றை அப்போது செய்தாள். வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடக்கண்ணைத் திறந்து பார்த்தாள். கலர் பார்க்க அந்தக் கண்ணை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அது சும்மா தெரு தாண்டுவதற்கும் பஸ் நம்பர் படிப்பதற்கும்தான். அந்தக் கண்ணில் சுவர் இரண்டாகப் பிளந்தது. நூற்றுச்சொச்சம் அட்டை காலை, மீதி அத்தனையும் கருநீலமும் ஊதாவுமாக அப்பிய இருட்டு. பள்ளிக்கூடத்துச் சுவரின் அதே கோடு. கையை எடுத்து இடக்கண்ணை மூடினாள், கோடு மங்கிப்போனது. மறுபடி பொத்தினாள், வந்தது. நான்கு தடவை அப்படிச் செய்தாள். பெண் பயந்துபோய், "என்ன பெரியம்மா, கண்ணுல தூசியா?" என்றாள்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். கை கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். இரண்டாவது பாதியில் வந்து நின்றார். "அக்கா, இது என்ன நீலம்! அடுத்த வருஷம் நம்ம கலர் கார்டுல முதல் கலரே இதுதான். நீங்க இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை."

"முதலாளி, அந்த ஸ்கூல் சுவரு தம்பியோட எடை இல்ல. என் கரண்டி."

"அப்புறம் பேசலாம்க்கா. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். கண்ணு போயிடுச்சு முதலாளி. எந்தத் தேதியிலன்னு இந்தச் சுவத்துல எழுதியே இருக்கு, நீங்களே பாருங்க. அதுக்கப்புறம் போன சரக்கு மொத்தத்தையும் திரும்பிப் பாக்கணும். தம்பியைக் கூப்பிடணும்."

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. "அவனை வரச் சொல்லுங்க. மத்ததை நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அக்கா சுவரிலிருந்து ஓர் அட்டை இந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் அட்டை அந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எடைக்காரர் வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போகவேண்டும். போகும்போது வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தாள். கண் கூசியது. பச்சை அத்தனை பச்சையாக இருந்தது. இத்தனை மாதம் எதிரில் நின்று, ஒரே ஒரு அட்டையைக்கூட அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள்.

அவர் இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். கதவைத் திறந்ததும், "வாங்கக்கா" என்றார் பழக்கத்தில். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அட்டைகளை நீட்டினாள். முதலாளி வரச் சொன்னதையும் சொன்னாள். அவர் இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க ரெண்டாவது கரண்டி நீலம் போடும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஜாஸ்தின்னு எனக்கே தெரிஞ்சுது."

"ஏன் தம்பி சொல்லல?"

"கலர் தப்புன்னு நான் உங்ககிட்ட சொல்றதா?" சிரித்தார். "விடுங்க. நீங்க தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை மாட்டிவிட்டீங்கன்னு இத்தனை நாளா நினைச்சேன். அதுதான் தொண்டையில முள்ளா நின்னுது. வேலை போனதுகூடப் பெரிசில்ல. உங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அது போதும்க்கா எனக்கு."

ஆமாம் தம்பி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் முகம் அவ்வளவு லேசாகியிருந்தது. முதலாளியிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முதலாளி அறையில் அன்று பார்த்த அந்த விளக்கும் வளையமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"இல்ல தம்பி" என்றாள். "பாதி தெரியும்."

அவர் அட்டைகள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓரம் பார்த்து அடுக்கி, அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வெயில் ஏறுது. பாத்துப் போங்க" என்றார்.

அக்கா என்று சொல்லவில்லை.